சிலைக்குச் சட்டை

சிலையின் மார்புச் சுற்றளவு பதினோரு அடி. என் தையல் டேப் பாதியிலேயே நின்றுவிட்டது. பாண்டிமீனா பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து சுற்றி, முனை வந்து தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். தன் உருவத்தையே அளக்கிற கூச்சத்தில் அதன் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஏழாயிரம்பண்ணை வெடி கம்பெனியில் சரம் பின்னுகிறவள் அவள். சாத்தூர்ப் பூங்காவுக்குச் சிலை செய்ய வந்த செழியன், இரண்டு கையையும் முன்னால் நீட்டிச் சரம் பின்னும் அவளைத்தான் சிமெண்டில் பெரிதாக்கியிருந்தான்.

எங்கள் பக்கம் வெடி வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொள்வார்கள். சிலைக்கும் அப்படி ஒன்று வேண்டும், அதுவும் கையால் பின்னியது வேண்டும் என்று செழியன் என்னிடம் வந்தான். நான் பிரசவ வார்டு நர்ஸ். பிறந்த பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னிக் கொடுப்பேன், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் உள்ளுக்குள் ஓர் அரிப்பு. உள்ளங்கையில் அடங்குவதைப் பின்னுகிற கை எவ்வளவு தூரம்தான் போகும், பார்த்துவிடுவோமே! மதுரையிலிருந்து நீல உல்லன் நூலை மூட்டையாக வாங்கி வந்தேன். ஊசி போதாமல் மாப் கம்பு இரண்டைச் சீவிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் உடம்பும் ஒரு கையும் முடிந்து, சட்டை என் கட்டிலை முழுக்க மூடிக் கிடந்தது. திறப்பு விழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள்.

அன்று வேலை விட்டு வந்த பாண்டிமீனா அதைத் தடவிப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

“ஹெப்சிபாக்கா, இது பஞ்சு நூலா?”

“உல்லன் புள்ள. கடையில அப்படித்தான் சொன்னாக.”

துண்டு நூல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அடுப்படியில் இடுக்கியால் பிடித்துக் கொளுத்தினாள். நூல் சாம்பலாகவில்லை. சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகத் தட்டில் சொட்டியது.

“நைலான் சாதிதான்க்கா. இதப் போட்டுட்டுப் போனா எங்கள கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாக. எங்க கம்பெனி பொம்பளைக மொத்தமும் பாக்க வாராக. அம்புட்டுப் பேருக்கு முன்னால நான் இதப் போட்டுக்கிட்டு நிக்கணுமா?”

“சிலைதானே மீனா, அது என்ன தீப்பிடிக்கவா போகுது?”

சொன்ன வாயை மூடும் முன்பே வெட்கமாகிவிட்டது. பிரசவ வார்டுக்கு வருமுன் ஆறு வருஷம் தீக்காய வார்டில் இருந்தவள் நான். தோலோடு உருகி ஒட்டிய துணியைச் சுற்றிச் சுற்றி வெட்டி எடுத்த கை இது. தொட்டதும் அவளுக்குத் தெரிந்தது, இரண்டு மாதம் மடியில் வைத்திருந்த எனக்கு எப்படித் தெரியாமல் போனது? நிறத்தைப் பார்த்தேன், அளவைப் பார்த்தேன், போடப்போகிறவளை நினைக்கவே இல்லை.

“பதினெட்டு நாள்தான் இருக்கு புள்ள.”

“ராசபாளையத்துல பஞ்சு நூல் கிடைக்கும். சாயந்தரம் நானும் வந்து பின்னுறேன்க்கா. சரம் பின்னுற கைதானே.”

முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைக் கையின் முனையில் முடிச்சைத் தேடி அவிழ்த்து இழுத்தேன். நூலை வீணாக்க மனமில்லை. பிரித்தது சிக்கிவிடக் கூடாதே என்று பாண்டிமீனா எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள், பூங்காவில் சிலை நீட்டியிருப்பதைப் போலவே. நீல நூல் அந்தக் கைகளில் சுற்றிச் சுற்றி ஏற, கட்டில் விரிப்பின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்தது.