விசாரிக்க வந்தவர்களின் ஆப்பிள்

தம்பியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு கிலோ ஆப்பிளோடு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்த சவுரிமுத்து, ஹாலில் கிடந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. அவருக்கு முட்டிவலி கிடையாது, நாற்காலியில் பசையும் கிடையாது. எழுந்திருக்க நினைப்பார், கைப்பிடியில் கையை ஊன்றுவார், அதோடு சரி. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் வந்து நாற்காலியோடு தூக்கினார்கள். ஹாலுக்குள் எங்கே வேண்டுமானாலும் தூக்க முடிந்தது. வாசப்படிக்கு வந்ததும் லாரி எஞ்சின் மாதிரி கனத்தது. பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவர் பெண்சாதி கோவிலம்பாக்கத்திலிருந்து வந்து பார்த்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள், பிறகு அவருடைய பிரஷர் மாத்திரையையும் போன் சார்ஜரையும் ரெண்டு லுங்கியையும் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். போகும்போது அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்ததாக எதிர்வீட்டில் சொன்னார்கள்.

அந்த வீடு சரசுவுடையது. அவள் புருஷன் அப்பாதுரை, சவுரிமுத்துவின் தம்பி, ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "ஆங்" என்ற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. சந்தோஷத்துக்கும் அதுதான், மூத்திரத்துக்கும் அதுதான். அவனைப் பார்க்கச் சனம் வந்தது. படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது இல்லையா. ஆரஞ்சு என்றால் சளி பிடிக்கும், வாழைப்பழம் என்றால் கௌரவமாக இருக்காது. அதனால் எல்லோரும் தாம்பரம் மார்க்கெட்டில் ஆப்பிளை வாங்கி வந்தார்கள். கட்டில் ஓரமாக உட்கார்ந்து எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். இதே மாதிரி வந்து செத்துப்போன வேறொருவர் கதையை அப்பாதுரையின் காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள். காபி குடிப்பார்கள். "எதுனாலும் ஒரு போன் போடு சரசு, நாங்கள்லாம் இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆப்பிள் மட்டும் வீட்டில் தங்கும். அப்பாதுரையால் கடித்து மெல்ல முடியாது. சரசுவுக்குச் சர்க்கரை வியாதி. பிரிட்ஜ் நிறைந்து, அரிசி டப்பா மேல் ஏறி, கடைசியில் பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவிலும் ஆப்பிள் இருந்தது. கூப்பிட்டபோது மட்டும் ஆள் வரவில்லை.

கூப்பிட ஒரு காரணம் இருந்தது. சரசுவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வலது கண்ணில் முற்றிவிட்டது, உடனே ஆபரேஷன் பண்ணவேண்டும் என்றார் டாக்டர். மேஜையில் மல்லாந்து படுத்தால் கொஞ்ச நேர வேலை. ஆனால் கூட ஒருத்தர் வந்தாகவேண்டும். அதற்கப்புறம் பத்து நாள் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. அப்பாதுரையைப் புரட்டுவதற்கே நாளைக்கு எத்தனை தடவை குனியவேண்டியிருந்தது. பத்து நாளுக்கு ஒரு ஆள், அவள் கேட்டது அவ்வளவுதான். ஒருத்தர் வீட்டில் பரீட்சை, ஒருத்தர் வீட்டில் கிரகப்பிரவேசம், ஒருத்தருக்கு இடுப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி வந்து வந்து போனது.

மகள் ஜீவிதா அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தாள். ஊருக்கு வந்த சிநேகிதியிடம், கரண்டில் மெதுவாக வேகவைக்கிற ஒரு ஸ்லோ குக்கர் கொடுத்து அனுப்பினாள். வெள்ளைப் பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, ஒரு திருகு. அவ்வளவு ஆப்பிளையும் ஆப்பிள் பட்டர் பண்ணிவிடு என்று வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தாள். பேர்தான் பட்டர், அதில் வெண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. "எங்க ஓல்டு பீப்பிளுக்கு நான்தாம்மா ரொட்டில தடவிக் குடுப்பேன். அப்டியே கொழந்தைங்க மாதிரி வாயத் தொறப்பாங்க" என்றாள். சரசு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு "அப்டியா" என்றாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு மெழுகைத் தேய்த்து எடுத்தாள். ஸ்டிக்கரைப் பிய்த்து, தோலைச் சீவி, கொட்டையை எடுத்துத் துண்டு போட்டாள். வெல்லம், பட்டை, ரெண்டு கிராம்பு, எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. திருகைச் சின்னதில் வைத்துவிட்டு அப்பாதுரையைத் துடைக்கப் போய்விட்டாள். கேஸ் அடுப்பாக இருந்தால் கிளறிக்கொண்டே நிற்கவேண்டும். இது பாட்டுக்குப் பகலெல்லாம் முனகிக்கொண்டு கிடந்தது. அந்த வீட்டில் அவள் பக்கத்தில் நிற்காமலே தன் வேலையைச் செய்தது அது ஒன்றுதான். பழம் குழைந்து செங்கல் நிறத்துக்கு வந்ததும் கீரை மத்தால் கடைந்தாள். கரண்டியைக் குறுக்கே கொடுத்து மூடியைச் சாய்த்து வைத்தாள், தண்ணி சுண்டியது. தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சுற்றி ஈரம் பரவக்கூடாது. அப்படி ஆனதும், விசாரிக்க வந்தவர்களே கொண்டுவந்து காலியாகியிருந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களில் அடைத்தாள். அப்பாதுரைக்கு ஸ்பூனில் ஊட்டினாள். சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். அவன் ஏற்கனவே படுக்கையில் கிடந்தவன், அதனால் அவன் விஷயத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சரசு சர்க்கரைக்குப் பயந்து நாக்கில்கூட வைக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் சவுரிமுத்து வந்து ரொட்டியில் தடவிச் சாப்பிட்டது. அடுத்ததாக அப்பாதுரையோடு ஸ்டாண்டில் சீட்டாடிய ஆட்டோக்கார சேட்டு வந்தான். "இன்னா அண்ணி, சவுரி அண்ணன் இங்கியே டேரா போட்டுகினாரா?" என்று சிரித்துக்கொண்டே ரெண்டு துண்டு சாப்பிட்டான். அவனுக்குக் கொடுக்கும்போது சரசுவுக்கு லேசாகச் சந்தேகம் இருந்தது. சேட்டு உட்கார்ந்த ஸ்டூலிலேயே தங்கிப்போனான். மூன்றாவதாக வந்தது அவள் கூடப்பிறந்த தம்பி ஜெரோம். பெரும்பாக்கத்தில் இருந்துகொண்டு, கூப்பிடும்போதெல்லாம் டிராபிக் என்று சொன்னவன். அவனுக்குக் கொடுக்கும்போது சந்தேகமே இல்லை. அழுத்தித் தடவிக் கொடுத்தாள். "சூப்பர்க்கா, இன்னும் கொஞ்சம் போடு" என்றான், போட்டாள்.

ஜெரோமும் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்று பேர் ஆகிவிட்டார்கள். சரசுவுக்குப் பல நாளைக்கப்புறம் மனசு லேசானது. அவர்களுக்கு இயற்கை உபாதை எதுவும் வரவில்லை, பசி மட்டும் வந்தது. நாற்காலிகளை இழுத்துக் கட்டிலைச் சுற்றிப் போட்டாள். ஜெரோமின் மடியில் கஞ்சிக் கிண்ணம், சேட்டுவின் கைக்கெட்டும் தூரத்தில் மூத்திரச் சட்டி, சவுரிமுத்துவின் தோளில் ஈரத்துண்டு. "புரட்டிப் படுக்க வெக்கணும், வாயத் தொடைக்கணும், அவ்ளோதான். நான் போய்ட்டு வந்துர்றேன்" என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அங்கே கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். அட்டெண்டர் இல்லாமல் ஆபரேஷன் கிடையாது என்று இன்னொரு தேதி எழுதிக் கொடுத்தார்கள்.

மத்தியானம் வந்து பார்த்தால் அப்பாதுரை நனைந்த விரிப்பில் ஈ மொய்க்கக் கிடந்தான். கஞ்சி கிண்ணத்தில் ஏடு கட்டியிருந்தது. மூவரும் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள்லாம் இன்னாதான் பண்ணிகினு இருந்தீங்க?"

"கூப்ட்டுகினேதான் இருந்தோம்க்கா. நீதான் வூட்ல இல்ல" என்றான் ஜெரோம்.

"ஆம்பளைங்க அண்ணி. அதெல்லாம் எங்களுக்கு எங்க பழக்கம்? பேஜாராப் பூட்சு" என்றான் சேட்டு.

சவுரிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காபி கிடைக்குமா என்று கேட்டார்.

அப்படியாக நாலு பேருக்குச் சமைப்பது என்றாகிவிட்டது. ஊரும் பழகிக்கொண்டது. தேர்தல் சீட்டை ஹாலில் வந்து கொடுத்தார்கள். ஃபாதர் மாதத்துக்கு ஒருமுறை வந்து அப்பாதுரைக்கு நற்கருணை கொடுக்கையில் வரிசையாக அவர்களுக்கும் கொடுத்தார். மழைக்காலத்தில் சரசு துணி காயப்போட இடம் இல்லாமல் சவுரிமுத்துவின் தோளிலும் நாற்காலி முதுகிலும் போட்டாள். அவர் ஆட்சேபிக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஜீவிதா ரெண்டு வாரம் லீவில் வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் காரை நிறுத்தி அப்பாவுக்கு என்று ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வந்திருந்தாள். சரசு அந்தப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலிலேயே சற்று நின்றாள். மகள் மாமியார் வீட்டுக்குப் போனாள், தி.நகர் போனாள், நாத்தனார் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போனாள். கிளம்புகிற நாள் காலையில் சரசு கேட்டேவிட்டாள்.

"ஒரு பத்து நாள் லீவ் போட்டுட்டு இரேன் ஜீவி. கண்ண முடிச்சுர்றேன்."

"லீவ் எக்ஸ்டெண்ட் பண்ண முடியாதும்மா. அங்க ஆளே இல்ல, எல்லாரும் என்னையேதான் கேப்பாங்க. ஒரு ஹோம் நர்ஸ் போட்டுக்கோயேன்."

"அவளுங்க எங்கடி நிக்கறாளுங்க? ரெண்டாம் நாளே ஓடிர்றாளுங்க."

"அடுத்த வாட்டி வர்றப்ப கண்டிப்பா பாக்கலாம்மா" என்றாள் ஜீவிதா. சொல்லும் தொனி விசாரிக்க வந்தவர்களுடைய தொனிதான்.

அன்று மாலை ஜீவிதா கிளம்பவேண்டும். அவள் கொண்டுவந்த ஆப்பிள் அதிகாலையிலிருந்தே குக்கரில் முனகிக்கொண்டிருந்தது. சரசு கட்டிலை ஒட்டி, தலைமாட்டில், முதுகுள்ள நாற்காலியாகப் பார்த்துப் போட்டாள். அங்கே உட்கார்ந்தால் கை அப்பாதுரையின் முகத்துக்கு எட்டும், விரிப்புக்கும் எட்டும். இவள் ஆம்பிளை இல்லை, நர்ஸ். வேலை தெரிந்தவள். புரட்டுவாள், துடைப்பாள், ஊட்டுவாள். எழுந்து மட்டும் போகமாட்டாள். சரசு இதையெல்லாம் நிதானமாக யோசித்துத்தான் வைத்திருந்தாள். ஜீவிதா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசனை வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி, "ஆப்பிள் பட்டர்தானே? நான் சொல்லிக் குடுத்ததுல்ல? குடு குடு" என்றாள்.

சரசு ரொட்டியில் தடவிக்கொண்டு வந்தாள். கண் மங்கல். மகளின் முகம் புகை மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் திறந்த வாய் தெரிந்தது. அப்பாதுரை "ஆங்" என்றான். வேண்டும் என்றானா வேண்டாம் என்றானா என்று சரசுவுக்கே விளங்கவில்லை. நீட்டிய கை பாதி தூரம் போனது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூவரையும் பார்த்தாள். பிறகு அந்த ரொட்டியை மடித்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

"இன்னாம்மா இது! எனக்குன்னு எடுத்துனு வந்து நீயே துன்ற. சுகர் வேற இருக்குல்ல உனக்கு?"

சரசு நின்றபடியே மென்று விழுங்கினாள். இனிப்புதான். கொஞ்சம் அடிப்பிடித்த ருசி.

"மாமாக்கு, பெரியப்பாக்கு, சேட்டு அண்ணாக்கெல்லாம் குடுத்திருக்க. பெத்த பொண்ணுக்கு ஒரு வாய் இல்ல. மாமியாருக்கு ஒரு பாட்டிலாவது குடு, எடுத்துட்டுப் போறேன்."

"இல்லடி. உனக்கு இல்ல."

ஜீவிதா நாற்காலியிலிருந்து எழுந்தாள். சட்டென்று, சுலபமாக எழுந்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்தபடி காரில் ஏறினாள். பொங்கல் வரைக்கும் போன் பண்ணவில்லை. அம்மா கடைசி நாளில் ஒரு துண்டு ரொட்டிக்குக் கணக்குப் பார்த்தாள் என்று சொந்தக்காரர்களுக்கு மெசேஜ் போயிற்று. அவர்கள் மறுபடி விசாரிக்க வந்தபோது அதைப் பற்றியும் விசாரித்தார்கள். இப்போதெல்லாம் யாரும் உள்ளே வருவதில்லை. ஆப்பிள் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, வெளியிலிருந்தே எப்படி இருக்கிறார் என்று கத்திக் கேட்கிறார்கள்.

நின்றபடி சாப்பிட்ட சரசு அன்றிலிருந்து உட்காரவில்லை. குனிய முடியும், புருஷனைத் தூக்கிப் புரட்ட முடியும், எல்லா வேலையும் ஆகும். உட்கார முடியாது, படுக்க முடியாது, அவ்வளவுதான். தூக்கம் வந்தால் பிரிட்ஜில் சாய்ந்து தூங்குவாள். மோட்டார் உதறி நிற்கும்போது விழித்துக்கொள்வாள். கண் ஆஸ்பத்திரியில் ஆளில்லாதவர்களுக்கு இப்போது அவர்களே ஆள் போடுவதாகச் சொல்லி, ஒருநாள் போன் பண்ணி வரச்சொன்னார்கள். மேஜையில் படுக்கணுமா என்று கேட்டாள். பின்னே, நின்றுகொண்டா பண்ணுவார்கள் என்றார்கள். "அது இனிமே ஆவாதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். பெயரை அடித்துவிட்டார்கள். வலது கண் முழுதாகப் போய், இடது கண்ணில் சாயங்கால வெளிச்சம் மாதிரி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆப்பிளைத் தடவிப் பார்த்தே தோல் சீவுகிறாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் யாருக்கும் இது தெரியாது. ஒரே ஒருநாள், டிவியில் விளம்பரம் ஓடும்போது, ஜெரோம் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"ஏங்க்கா, நீ இன்னா உக்காரவே மாட்ற?"

"உங்கக்கா எப்பய்யா உக்காந்துச்சு?" என்றான் சேட்டு.

ஜெரோம் யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. விளம்பரம் முடிந்துவிட்டது.

"சரிக்கா, காபி போடு" என்றான்.