ஈரத்தில் ஏறிய மின்னழுத்தம்

என் நாத்தனார் வாய் கிழியப் பேசுவாள். வேலையில் பொறுமை மட்டும் கிடையாது. கணவரின் தங்கை என்று வீட்டில் சகித்துக்கொள்வேன். ஆய்வகத்திலும் அவளே பக்கத்து மேசை என்றால், நான் செய்த பாவம்தான் என்ன?

இருவருக்கும் ஒரே வேலை. மின்சாரம் கடத்தும் பாலிமரை மெல்லிய படலமாக்கி, ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி கொடுத்தால் எவ்வளவு மின்னழுத்தம் வருகிறது என்று பார்ப்பது. இனி ஒரு படலத்துக்குத்தான் நிதி, மற்றதை மூடிவிடுவேன் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். மூலக்கூறின் பக்கக் கிளைகளை மாற்றி மாற்றி வருடக்கணக்கில் உயிரை விட்டவள் நான். என் படலம் கொடுப்பது கொஞ்சம். ஆனால் நின்று கொடுக்கும். அவளுடையதோ அதைப்போல் பல மடங்கு காட்டியது.

"பாத்தீங்களா அண்ணி? எல்லாம் கைராசி," என்றாள், இயக்குநர் முன்னாலேயே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே மழை, ஜன்னல் திறந்து கிடக்கிறது. ஈரத்தைக் குடித்த படலத்தில் அயனிகள் ஓடித்தான் அந்த எண் வருகிறது, ஓடி முடித்ததும் விழுந்துவிடும். இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. இவளோ எண் உச்சிக்குப் போனதும் குறித்துக்கொண்டு சூட்டை அணைத்துவிடுவாள்.

"ஹீட்டரை ஆஃப் பண்ணாத. விடு, பாக்கலாம்," என்றேன்.

எண் சரிந்தது. அதோடு விட்டேனா? படலத்தை உலர்பெட்டியில் காயவைத்து அளந்தேன். என்னுடையதில் பாதிகூட இல்லை. வெளியே எடுத்து, சூட்டின்மேல் வைத்து, வாயால் ஊதினேன். எண் துள்ளி ஏறியது.

"இதுதான் சார் இவ கைராசி. வெறும் ஈரம்!"

அவள் முகம் செத்துப்போனது. பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவை ஊதும்மா."

ஊதினேன்.

"மூச்சுக்கே இவ்ளோ ஏறுதா? அப்ப நோயாளிங்க மூச்சைக் கண்காணிக்க இதையே வச்சுக்கலாமே! உடம்புச் சூடு போதும், பேட்டரிகூட வேணாம்." அவள் பக்கம் திரும்பினார். "நிதி உனக்குத்தான். இதையே செய்."

"சார், என்னோடது?"

"நல்லாத்தாம்மா இருக்கு. மூடிடலாம்."

நாத்தனார் முகத்துக்கு உயிர் வந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"சேர்ந்தே போயிடலாம் அண்ணி. எல்லாம் உங்களாலதான்னு வீட்ல நானே சொல்றேன்."

சொன்னாள். சாப்பாட்டு மேசையில், எல்லார் முன்னாலும். என் கணவர் கைகூடத் தட்டினார்.