மருமகன் ராவிய பல்

தகட்டை வைஸில் பூட்டாமல் கையால் பிடித்துக்கொண்டே துளை போட்டுவிடலாம் என்று ஜெஸ்பின் எடுத்த முடிவு, அவனுடைய மற்ற முடிவுகளைப் போலவே, முதல் இரண்டு நொடி நன்றாகத்தான் இருந்தது. பிறகு டிரில் பிட்டு தகட்டைக் கவ்வியது. கைப்பிடியை விட்டுவிடாமல் இன்னும் ஓங்கி அழுத்தினான். அது அடுத்த முடிவு. மாமனார் ரசலையனின் பெயர் வெட்டிய சில்வர் தகடு அவன் பிடியை உதறிவிட்டுச் சுழன்று, பட்டறை வாசலைத் தாண்டி, பந்தலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் போய் அடித்தது. துக்க வீட்டுக்குள் ஜெபப் பாட்டு நின்றது. சற்று நேரம் கழித்து, கொஞ்சம் தாழ்ந்த சுருதியில் மறுபடி தொடங்கியது.

பக்கத்து வெல்டிங் கடை முருகதாஸ் தகட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ரசலையன் நடுவில் மடங்கியிருந்தார்.

"லே மக்கா, செத்தவர இன்னொரு தடவ கொல்லப் பாக்கியா? எனக்க கடையில போட்டுத் தாறேம்னு காலையிலேயே சொன்னேம்லா?"

சொன்னார்தான். ஜெஸ்பின்தான் கேட்கவில்லை. கல்லறையில் நடும் குருசில் அறைகிற தகடு. அதற்கான துளையை மாமாவின் மிஷினில், தான் செய்த பல்லால்தான் போட வேண்டும் என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தான்.

அந்த மிஷின், மலைப்பக்கத்து ரப்பர் ஃபாக்டரி ஒன்று பழைய இரும்பாகக் கழித்துப் போட்டது. மாமா இரணியலுக்கு லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது அதற்கு பெல்ட்டும் இல்லை, கைப்பிடியும் இல்லை. அவையெல்லாம் பழைய இரும்பு விற்கும் ஆக்கர் கடைகளில் அகப்பட்டன. அகப்படாதது பினியன்: கைப்பிடியைத் திருப்பும்போது பிட்டைக் கீழே இறக்குகிற, ஒரு நுனியில் பல் வெட்டிய சிறிய கம்பி. ஜெஸ்பின் அப்போது வளைகுடா வேலை போய், மனைவி வீட்டில் சோற்றுக்குக் குறையின்றி இருந்தான். ஒரு மழைக்காலம் முழுவதும் முக்கோண அரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பற்களை ராவினான். எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல வந்தன. ஒன்று மட்டும், கல்யாண போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டவனைப் போல, தடித்துத் தனியாக நின்றது.

மாமா அதை வாங்கி மாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், நாலு பேர் நிற்கும்போது, "மருமவனுக்கு கையில வேல உண்டு" என்றார். ஊரில் எவரையும் புகழ்ந்து பழக்கமில்லாத மனிதர். அந்த ஒரு வரியைச் சாப்பிட்டுக்கொண்டுதான் ஜெஸ்பின் மூன்று வருடம் இந்த வீட்டில் உயிரோடிருந்தான். நாளை முதல் பட்டறை அவன் பொறுப்பு. அந்தத் துணிச்சலும் அந்த வரியிலிருந்து வந்ததுதான்.

இப்போது கைப்பிடி இறுகிப்போயிருந்தது. ஸ்பிரிங் மூடியைக் கழற்றி, பினியனை உருவினான். கிரீஸை விரலால் வழித்துவிட்டுத் தன் தடித்த பல்லைத் தேடினான். ஒரு சுற்றுத் தேடினான். மறுசுற்றும் தேடினான். எல்லாப் பற்களும் ஒன்றுபோல, அழகாக, அவனுக்குச் சம்பந்தமே இல்லாதவையாக இருந்தன.

அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். முருகதாஸ் கடை வாசலில் தகட்டை அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது எங்கேந்து வந்துது?"

"எது?" என்றார், தலையைத் தூக்காமல்.

"பாக்காமலே எதுன்னு கேக்கிய."

"லே, பாஸ்டர் வந்தாச்சு. பெட்டி எடுக்கப்போற நேரத்துலயா இதெல்லாம்? போ, போய் கைய கழுவு."

சுத்தியல் சத்தம் கொஞ்சம் வேகமானது.

முன்னறையில் பெட்டிக்குப் பக்கத்தில் தேவகனி மாமி உட்கார்ந்திருந்தாள். ஜெஸ்பின் குனிந்து துண்டை விரித்துக் காட்டினான். மாமி அதைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"மாமாவுக்க காலர் சுருண்டு கெடக்கு மக்கா. கொஞ்சம் நேராக்கி விடு."

கிரீஸ் கையால் வெள்ளைச் சட்டையைத் தொட முடியாது. மாமிக்கு அது தெரியாதா என்ன. ரசலையன் மூக்கில் பஞ்சோடு, மீசைக்குக் கீழே லேசாகச் சிரிப்பது போல் கிடந்தார். விருந்து வீடுகளில் ஜெஸ்பின் பல் ராவிய கதையை எடுத்துவிடும்போதெல்லாம் இதே முகத்தோடுதான் பக்கத்தில் சோறு பிசைந்துகொண்டிருப்பார். அவன் அதைப் பெருமை என்று நினைத்திருந்தான்.

பட்டறைக்குத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மனைவி ஷைஜா வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. வெள்ளைச் சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"ஒங்கள எல்லாரும் தேடுகாவ. பெட்டிய முன்பக்கம் பிடிக்கதுக்கு மருமவன் வேணும்லா. கைய காட்டுங்க."

"ஏட்டி, இது யாருக்க வேல?"

அவள் மண்ணெண்ணெய்க் குப்பியைத் திறந்து துணியை நனைத்தாள். "கைய காட்டுங்க."

"முருகதாஸ் அண்ணன் பாஸ்டரக் காட்டினாரு. மாமி காலரக் காட்டினாவ. நீ என்னத்த காட்டப் போற?"

ஷைஜாவின் உதடு சிரிப்புக்குப் போய், பாதியில் திரும்பியது. அவன் வலது கையைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

"நாகர்கோவில்ல ஒரு லேத்துல வெட்டினது. நான்தான் ஸ்கூட்டியில போய் வாங்கிட்டு வந்தேன்."

"நீயா?"

"அப்பா ஒங்ககிட்ட நேரா சொல்லணும்னுதான் நின்னாரு. 'சொன்னாத்தான் அடுத்தத ஒழுங்கா ராவுவான்'னு. நான் விடல்ல. அழுது பிடிச்சு நிறுத்தினேன். வேல போன பெறவு நீங்க அப்பம்தான் ராத்திரி உறங்கத் தொடங்கியிருந்திய."

வெளியே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"சர்ச் வாசல்ல சொன்னாரே, அது?"

அவள் துணியை மறுபடி மண்ணெண்ணெயில் நனைத்தாள்.

"அதும் நான் சொல்லச் சொன்னதுதான்."

இந்த மாதிரி இடத்தில் ஜெஸ்பினிடம் எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு இருக்கும். இப்போது அதை விட்டுவிட்டுக் கேட்டான்.

"நான் செஞ்சது கொள்ளாமா, நல்லாயிருந்துதா? அத மட்டும் சொல்லு. சும்மா சொல்லாண்டாம்."

ஷைஜா அவன் சுண்டுவிரல் நகத்து இடுக்கைத் துணியின் முனையால் துடைத்து முடித்தாள்.

"கொள்ளாது," என்றாள். "மொத ஓட்டைக்கே பல்லு உதுந்து போச்சு."

ஜெஸ்பின் மற்றக் கையையும் நீட்டினான்.