தலைகீழாக வைத்த பீம்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. நான் கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேண்டுமென்றே மெல்லிய விரிசல் விட்டு வார்த்த சிறு உத்தரங்களை, அதாவது பீம்களை, இயந்திரத்தில் ஏற்றி, மேலிருந்து அழுத்தி, எப்படி உடைகின்றன என்று பார்ப்போம். விரிசல் அடிப்பக்கம் இருக்க வேண்டும். அங்கேதான் கான்கிரீட் இழுபடும். விரிசல் வாய் பிளந்து மேலேறும். மனைவி இறந்து வேலைக்குத் திரும்பிய அன்று பீமைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

"என்ன தம்பி, விரிசல் வானத்தப் பாத்துட்டுக் கெடக்கு? மழை வருமான்னு பாக்குதா?" என்றார் இயந்திரம் ஓட்டும் அக்கா. உடனே நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அழுத்தம் ஏற ஏற அந்த விரிசல் மூடிக்கொண்டது. பீம் கூடுதல் சுமை தாங்கி, வேறு இடத்தில் உடைந்தது.

2

முதல் தொடக்கம்: "அவள் சிரிக்கும்போது

[முடியவில்லை. விட்டுவிட்டேன்.]

இரண்டாவது, மாமனாரிலிருந்து. எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அதன்பின் மகளோடு பேசவில்லை. மூளைக்காய்ச்சலில் அவள் கிடந்தபோது சொல்லி அனுப்பியும் வரவில்லை.

"அப்பா வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"வழியில இருக்கார்" என்றேன்.*

அடக்கத்துக்கு வந்தார். தூரத்தில் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

(* நான் புனைந்த முதல் கதை அது.)

அவரை வில்லனாகவே எழுதினேன். வில்லன் விறைப்பாக நடக்க வேண்டும். இவருக்கு முழங்கால் வலி. மாடி ஏறும்போது ஒவ்வொரு படியையும் தனித்தனியாகத் திட்டுவாராம். அவள் நடித்துக் காட்டுவாள். பாத்திரம் கெட்டுப்போனது.

3

நேற்று மாமனார் போன் செய்தார். அதுவரை நான் அவருக்கு 'அந்தப் பையன்'.

"மாப்ள... அவ எந்தப் பக்கம் படுப்பா?"

"ஜன்னல் பக்கம்."

"சின்னப் புள்ளையிலயும் அப்படித்தான்." பிறகு கேட்டார்: "நாளைக்கு வரட்டா? உள்ள வரல. வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"வாசல்ல நின்னா ஜன்னல் தெரியாது" என்றேன்.

அவரை வரச் சொன்னேனா, வேண்டாம் என்றேனா, எனக்கே தெரியவில்லை. வைத்துவிட்டார்.

4

ஒரு முடிவு: கதவைத் திறக்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும், மூடிய கதவிடம்.

இன்னொன்று: திறக்கிறேன். ஒரே சுமையின் கீழ் இருவரும்

[அழகாக வருகிறது. நம்பாதீர்கள். அன்று உடைந்த பீம் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மூடிய விரிசல் ஒட்டியிருக்கவில்லை. மெல்லிய கோடாக அங்கேயே இருந்தது.]

5

படிக்கட்டில் சத்தம். இது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. யாரோ படிகளைத் திட்டிக்கொண்டே ஏறி வருகிறார்.

மணி அடிக்கிறது.

முடிவை எழுத வேண்டுமானால் நான் எழுந்து போக வேண்டும். கால் வரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருப்பது இதைப் படிக்கும் நீங்கள்தான். திறப்பதும் திறக்காததும் உங்கள் கையில். ஆனால் ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள்.

அவர் என்னைக் கேட்டால், வழியில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.