உருகினவரும் ஊதினவளும்

எங்கள் தெருவில் சுடலைவடிவு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தடிச்சி என்று கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமியார் இசக்கியம்மாவுக்கு என் தட்டின் மேலேயே கண். அவள் மகன் மாரிசெல்வம் ஒல்லி. அவர் பங்குச் சோற்றையும் நான் தின்றுதான் இப்படி ஊதினேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஊரும் நம்பியது. ஊருக்கென்ன, வலிக்கவா போகிறது?

தொண்ணூற்று நாலில் கார் நெல் அறுப்புக்கு முன்னாலேயே அவர் உருக ஆரம்பித்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். மாமியார் கண்டுபிடித்த மருந்து உளுந்தங்களி. கருப்பட்டியை அள்ளிப் போட்டு, நல்லெண்ணெய் மிதக்கக் கிண்டி, காலையும் மாலையும் உருட்டிக் கொடுத்தாள். எலும்புக்குப் பலமாம். நான் பிடுங்கித் தின்றுவிடுவேன் என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தாள்.

கொல்லையில் அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்தேன். சர்க்கரையாக இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

மாமியார் சிரித்தாள். "சர்க்கரை சீக்கு ஒன்ன மாதிரி தடிச்சிக்குத்தான் வரும். எம்புள்ள ஒடம்புல அது ஒக்கார எடம் எங்கன இருக்கு?"

அவரும் சேர்ந்து சிரித்தார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்டுக் கால் பெருவிரலில் காயம். அதுவும் ஆறவில்லை. நாற்றம் எடுத்ததும் அவரை இழுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன். அங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற பெண் என் கையைத்தான் முதலில் பிடித்தாள். நோயாளி நான் என்று நினைப்பு. சரி, இரண்டு பேருக்குமே பாருங்கள் என்றேன்.

எனக்குச் சர்க்கரை இல்லை. அவருக்கு நானூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் அவர் சட்டையைத் தூக்கி, குச்சிக் கைகால்களுக்கு நடுவே உப்பியிருந்த சின்னத் தொந்தியைத் தட்டிக் காட்டினார். ஆள் ஒல்லியானாலும் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்ந்தால் வினைதான் என்றார். என்னையும் விடவில்லை. இப்போது இல்லை என்று ஆடாதே, எடை குறையத்தான் வேண்டும் என்றார். கேலி இல்லாமல் அதைச் சொன்ன முதல் ஆள் அவர். கேட்டுக்கொண்டேன்.

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். களி நின்றது. தினமும் இன்சுலின் ஊசி. மாமியாருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். நான்தான் போடக் கற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசியைக் கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது ஒனக்கு வரவேண்டியதுட்டி. எனக்கு வந்துட்டு."

வாசலில் நின்ற மாமியார் ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஊசி என் கையில்தான் இருந்தது. ஓங்கிக் குத்தியிருந்தாலும் எனக்குப் பதில் ஊசி போட ஆளில்லை. எப்போதும்போல் நோகாமல்தான் போட்டேன். அப்படிச் சொன்ன ஆளுக்கும் வலிக்கக் கூடாதென்று என் கை பைய இறங்குகிறது. அந்தக் கையின் மேல்தான் எனக்கு ஆத்திரம்.