துண்டின் எடை

அந்த ஆளைக் கடைத்தெருவே தராசு என்றுதான் சொல்லும். வேலை, எடை அளவுச் சோதனை அதிகாரி. அவருடைய ஜீப் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் எடைக்கற்களைத் துடைத்து வைப்பார்கள். லஞ்சம் வாங்க மாட்டார், சிரிக்க மாட்டார், கொடுத்த தேநீரைத் தொட மாட்டார். "அஞ்சு கிராம்தானே சார்" என்று யாராவது குழைந்தால், "அஞ்சு கிராம்னா அஞ்சு கிராம்தான்" என்பார். அதற்கு மேல் பேச்சே கிடையாது. வீட்டிலும் இதே கதைதான். சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு என்று மனைவி சொன்னால், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்கிற மனுஷர். அவரோடு குடித்தனம் நடத்துவதற்கே அந்தப் பெண்ணுக்கு ஒரு மாலை போடலாம்.

அப்படிப்பட்டவருக்குப் பிள்ளை பிறந்தபோது எதுவுமே கணக்குப்படி நடக்கவில்லை. குறித்த நாளுக்கு வெகு முன்னாலேயே வலி வந்துவிட்டது. வந்ததாவது ஒழுங்காக வந்ததா? விட்டு விட்டு வந்து அவளைப் பிழிந்து எடுத்ததே தவிர, பிள்ளை இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு திடீரென்று உள்ளே இதயத் துடிப்பு இறங்குகிறது என்றார்கள், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள், கதவைச் சாத்தினார்கள். வெளியே தராசும் அவர் மனைவியின் அக்காவும் நின்றார்கள். "உட்காருங்க தம்பி" என்றாள் அக்கா. உட்கார்ந்தார், உடனே எழுந்தார். கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழ வேண்டும். அழவில்லை. கடைசியில் பூனைக்குட்டி முனகுவதுபோல் ஏதோ கேட்டது. அழுகையா, கதவின் கீலா என்று தெரியாமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுகைதான்.

பையன். கழுத்தைக் கொடி சுற்றியிருந்ததாம். மூச்சு விட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. பையனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், காலில் ஒரு கம்பி. மூச்சு கொஞ்சம் தேறியதும் மஞ்சள் காமாலை வந்தது. கண்ணைக் கட்டி நீல விளக்கின் அடியில் படுக்க வைத்தார்கள். ஒன்று போனால் ஒன்று, சொல்லி வைத்தாற்போல் வந்துகொண்டே இருந்தது. தராசு கண்ணாடிக்கு வெளியே நின்று திரையில் ஓடும் எண்களைப் பார்ப்பார். எந்த எண் நல்லது, எது கெட்டது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எண்கள் அவரை மதிக்கவில்லை.

ஒருநாள் டாக்டரம்மா சிரித்த முகத்தோடு வந்தார். "மூச்சு பரவாயில்ல, மஞ்சளும் இறங்கிடுச்சு. இனிமே எடைதான். ரெண்டு கிலோ வந்ததும் தூக்கிட்டுப் போங்க."

எடை என்ற சொல்லைக் கேட்டதும் தராசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவிக்கும்தான். தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு தினமும் நடந்து வருவாள். பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்ளங்காலைத் தடவுவாள். பெற்ற பிள்ளையை ஆசைதீர மடியில் போட்டுக்கொள்ளக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. ரெண்டு கிலோ, ரெண்டு கிலோ என்று தூக்கத்திலும் முனகினாள்.

அந்த நாளும் வந்தது. நர்ஸ் பையனைத் துண்டோடு சேர்த்து எடை மெஷினில் கிடத்தினாள். "ரெண்டைத் தாண்டிட்டான் உங்க பையன்!" மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அக்கா பையில் துணிமணிகளை அடைக்க ஆரம்பித்தாள்.

"சிஸ்டர்" என்றார் தராசு. "துண்டைக் கழிக்கலையே."

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எப்பவும் கழிச்சிடுவேன் சார். இன்னைக்கு இருந்த சந்தோஷத்துல மறந்துட்டேன்." துண்டை உருவிவிட்டு மறுபடி பார்த்தாள். ரெண்டு வரவில்லை. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "அப்போ இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பையன் பெட்டிக்குத் திரும்பினான். அக்கா அடைத்த துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றையும் உதறியபோது தராசின் பக்கமாகவே உதறினாள்.

மனைவி நடைவாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள். "கடைக்காரனைப் பிடிக்கிற மாதிரி பெத்த புள்ளையைப் பிடிச்சுக் குடுத்துட்டீங்களே. நல்லா இருப்பீங்க!"

"தப்பான எடைம்மா அது."

"ஆமா. நீங்க மட்டும்தான் சரியான எடை." திரும்பிப் பெட்டிப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவர் வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே களேபரம். பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதே பையன் மூச்சை நிறுத்திவிட்டான். உதடு நீலம் பாரித்து, கை கால் துவண்டு கிடந்தான். நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள், குழாயால் தொண்டையில் இருந்த பாலை உறிஞ்சினாள், முகமூடியை வைத்து அமுக்கினாள். மனைவி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். தராசு கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். ஐயோ, ஐயோ என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு பையன் ஒரு இழுப்பு இழுத்தான். நிறம் மெல்லத் திரும்பியது.

சாயங்காலத்துக்குள் தராசு வார்டுக்கே தெய்வமாகிவிட்டார். "நேத்து வீட்டுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்! அப்பான்னா இப்படி இருக்கணும்" என்றாள் நர்ஸ். பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அப்பா கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா ஒருபடி மேலே போய், "தம்பிக்கு உள்ளுக்குள்ள ஏதோ சொல்லியிருக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். தராசு எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார்.

மனைவி மட்டும் அருகில் வந்து கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. ஏதாவது தோணுச்சா?"

"ஒண்ணும் தோணல" என்றார். "துண்டுதான் கண்ணுல பட்டுச்சு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது. அவரும் அழுதார். கடைத்தெருவில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து மனுஷருக்கு வேலையில் புத்தி போகவில்லை. வந்து நிற்பார், பையனின் நெஞ்சைப் பார்ப்பார், கண் இமைக்காமல் பார்ப்பார். பையன் அதன்பின் ஒருதடவைகூட மூச்சை நிறுத்தவில்லை. பாலை மடமடவென்று குடித்தான், கன்னம் உப்பினான், ஊரைக் கூட்டி அழுதான். முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகள் சில சமயம் மூச்சுவிட மறந்துபோகும், வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். "எல்லாம் பார்த்தாச்சு. எடையை மட்டும் ஒருதரம் பார்த்துட்டு தைரியமாக் கூட்டிட்டுப் போங்க."

"இந்த ரெண்டு கிலோங்கிறதை யாரு மேடம் முடிவு பண்ணினது?" என்று கேட்டார் தராசு.

"எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தானே சார் ஆகணும்?"

இந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

நர்ஸ் இந்தத் தடவை ஒரு நூல்கூட இல்லாமல் பையனை மெஷினில் கிடத்தினாள். சரிபார்க்கிற சாக்கில் தராசு மெஷினை ஒட்டி நின்றுகொண்டார். எண் ஏறியது, தயங்கியது, ரெண்டுக்குக் கீழேயே நின்றது.

"இதென்ன கூத்து? நேத்து இதைவிடக் கூட இருந்தானே" என்றாள் நர்ஸ்.

மனைவி எண்ணைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து தட்டின் விளிம்பைப் பார்த்தாள். அடியில் அவருடைய ஆள்காட்டி விரல். விரலால் தட்டை அழுத்துகிறவர்களை அவர் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். தூக்கிப் பிடிக்கிறவனை இதுவரை கண்டதில்லை.

"என்னங்க" என்றாள் மெதுவாக. "விரலை எடுங்க."

"வீட்ல இந்த மெஷினெல்லாம் இல்லையேம்மா" என்றார். "மறுபடி மூச்சு நின்னுட்டா?"

"நான் இருக்கேன். நீங்க இருக்கீங்க."

விரல் அசையவில்லை. நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல் நின்றுகொண்டாள். மனைவி அந்த விரலைத் தன் கைக்குள் பொத்தி எடுத்தாள். எண் ஏறி ரெண்டைத் தாண்டி நின்றது. தராசு மெஷின் பக்கம் திரும்பவே இல்லை. பையனின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.