வெறும் அறை, முப்பது வினாடி

பழைய ஸ்பீக்கர் ஜோடியில் இடப்பக்கத்தது ஒரு திங்கட்கிழமை காலையில் உயிரை விட்டது. வலப்பக்கத்தது மட்டும் என்ன வாழ்ந்தது? வருடக்கணக்காக உஸ்ஸென்று இரைந்துகொண்டுதான் கிடந்தது. பதினோரு வருடம் உழைத்த பொருளாயிற்றே என்று அவள் திட்டவில்லை. துணியால் துடைத்து மூலையில் வைத்துவிட்டு ஸ்பீக்கர் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

அவள் ஒலிக்கலவை செய்கிறவள். யாராவது புத்தகம் வாசிக்க, அதைப் பதிவு செய்து, இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி எறிந்து, காதுக்கு இதமாகக் கோத்துக் கொடுப்பது வேலை. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை: ஒன்றில் அவளும் கம்ப்யூட்டரும், கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மைக்கும் ஒரு நாற்காலியும். தொழிலில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். அடுத்த தெருவில் ஊசி விழுந்தால் எத்தனையாம் நம்பர் ஊசி என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி ஆகும்.

கடைக்காரர் மூன்று ஜோடிகளோடு மாடியேறி வந்தார். பேச்சில் கல்யாணத் தரகர் தோற்றுப்போவார்.

"ஒரு வாரம் வச்சுக் கேளுங்க. முதல் ஜோடி தேன். ரெண்டாவது கொஞ்சம் வெடுக்குனு பேசும், ஆனா தங்கமான குணம். மூணாவது..." என்று கறுப்புப் பெட்டிகளைப் பார்த்து இழுத்தார். "இதை எடுத்துட்டுப் போனவங்க எல்லாரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

"ஏன், ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. உள்ளதை உள்ளபடி சொல்லுது. யாருக்குப் புடிக்கும்?"

அவர் போனதும் டேப்பை எடுத்து அளந்தாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அவள் தலைக்கும் அவ்வளவே தூரம் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் வாசிப்பவரின் குரல் இடப்பக்கமும் வராது, வலப்பக்கமும் வராது. நடுவில், ஒன்றுமே இல்லாத காற்றிலிருந்து, ஆள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வரும். ஆளில்லாத இடத்தில் குரல் நின்றால்தான் வைத்தது சரி என்று அர்த்தம். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் தடவை கேட்கும்போது எட்டிப் பார்ப்பார்கள்; அவள் சிரிப்பாள்.

சோதித்துப் பார்க்க அவள் எப்போதும் எடுப்பது தங்கையின் குரலைத்தான். பிறந்த நாளிலிருந்து கேட்டு வருகிற குரல். எந்த ஸ்பீக்கர் அதில் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். நூற்று நாற்பது புத்தகம் வாசித்த குரல் அது. போன வருடம் ஒரு நாவலின் பாதியில் நின்றுபோனது.

"நான் நிறுத்துற இடத்துல எல்லாம் யாரோ மெதுவா ஏதோ கேக்கறாங்கக்கா," என்றாள் தங்கை அப்போது. ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முகம் வெளுத்துப்போய்.

அக்கா அந்தப் பகுதியை ஸ்பீக்கரில் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. "எனக்குக் கேக்காதது உனக்குக் கேக்குதா?" என்றாள். ஒரு மாதம் கழித்தும் தங்கை அதையே சொல்ல, கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனவளும் அக்காதான். மாத்திரை வந்தது. விஷயம் புகுந்த வீட்டுக்குத் தெரிந்தது. மூன்று வயதுக் குழந்தையை இவளிடம் தனியாக விடக்கூடாது என்று மாமியார் தன் அறைக்குத் தூக்கிப் போய்விட்டார். கெட்டது செய்யவில்லை, நல்லதுதான் செய்தோம் என்று அக்கா இன்றுவரை தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் ஜோடி தேன்தான். தங்கையின் குரலில் அவளுக்கே இல்லாத ஒரு குழைவு வந்தது. பொய் என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இரண்டாவது 'ஸ' வரும்போதெல்லாம் காதைக் கிள்ளியது. பதினோரு மணிக்கு மூன்றாவதை மாட்டினாள்.

கறுப்புப் பெட்டிகள் வாயைத் திறந்ததும் அவளுக்கு அவமானமாக இருந்தது. சுத்தம் என்று நினைத்துக் கொடுத்த வேலையில் நாற்காலி முனகியது, உதடு ஒட்டிப் பிரிந்தது, பக்கம் புரண்டது. பாம்புக்காதாம், பெயரைப் பார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் ஸ்பீக்கர் என்றால் இதுதான். மனதுக்குள் விலை பேசி முடித்துவிட்டாள்.

அப்போது தங்கை ஒரு வாக்கியத்தை முடித்து நிறுத்தினாள். அந்த இடைவெளியில், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இருந்த வெறும் காற்றிலிருந்து, யாரோ ரகசியம் பேசுகிற மாதிரிக் கேட்டார்கள்.

"போயிட்டாங்களா?"

அவள் நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி அதே இடம், அதே கேள்வி. ஒயரைக் கழற்றி மாட்டினாள். போனை அணைத்தாள். ஏதாவது ரேடியோ ஊடுருவுகிறதோ என்று வேறொரு புத்தகத்தைத் திறந்தாள். நாலு வருடத்துக்கு முந்தையது. அங்கேயும் முற்றுப்புள்ளிக்குப் பிறகு வந்தது. இன்னொன்று. அதிலும் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே தொனி. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. அவசரமில்லாத குரல்.

எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே சுத்தமான வெறுமையை வைக்கக்கூடாது. வைத்தால் போன் கட்டானது மாதிரி கேட்பவரின் காது தடுக்கி விழும். அதனால் அறையில் யாருமில்லாதபோது அறையின் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். பெருமூச்சை வெட்டினால், இருமலை வெட்டினால், அந்தப் பள்ளத்தில் இந்த மண்ணைப் போட்டு மூடுவார்கள். இந்த மாடிக்குக் குடிவந்த முதல் நாள் மைக்கை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, வெளியே தனியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று அவள் பதிவு செய்தது அது. 'வெறும் அறை' என்று பெயர் வைத்தாள். மொத்தம் முப்பது வினாடி.

அதைத் திறந்து ஓட்டினாள். ஒன்பதாவது வினாடியில் ஒரு தடவை கேட்டது. இருபத்திரண்டில் இன்னொரு தடவை, கொஞ்சம் பக்கத்தில் வந்து கேட்டது.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். வாய் உண்டு என்று யாரும் சொன்னதில்லை. எழுந்து போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். நாற்காலி இருந்தது, மைக் இருந்தது, கீழே டயர் கழற்றுகிற சத்தம்கூட எட்டாத அமைதி இருந்தது. உள்ளே காலை வைக்க மனம் வரவில்லை.

பழைய ஸ்பீக்கரின் இரைச்சலுக்குள் அந்தக் குரல் இத்தனை வருடம் ஒளிந்திருந்திருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டு வேலை செய்வது கேவலம் என்று அவளுக்கு ஒரு கொள்கை. அதனால் ஒருநாளும் மாட்டிக் கேட்டதில்லை. தங்கைதான் மாட்டினாள், அதுவும் போன வருடம் வாங்கிய புது ஹெட்ஃபோனை. தொனி மாறாமல் தொடர வேண்டும் என்று, முடித்த பகுதியைத் தினமும் தங்கையின் காதில் ஓட்டிவிட்டவள் அக்கா. அந்தக் கேள்வியைத் தன் கையாலேயே ஒவ்வொரு இடைவெளியாக வெட்டி ஒட்டி அவள் காதில் ஊற்றியிருக்கிறாள். அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை தங்கை வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகத்தில் களை திரும்பியிருந்தது. வாசலில் நின்றபடியே அறை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என்னக்கா, அவசரம்னு சொன்னே?"

"ஒண்ணே ஒண்ணு கேளுடி. கேட்டுட்டு என்னை என்ன வேணாலும் திட்டு."

தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்தாள். என்ன வரப்போகிறது, என்ன சொல்லும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது சாட்சியாகாது என்று நினைத்தாள். 'வெறும் அறை'யை ஓட்டிவிட்டுத் தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

ஒன்பதாவது வினாடி போனது. இருபத்திரண்டும் போனது. தங்கை இமைக்கவில்லை. கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் கேக்கலையே," என்றாள்.

"நல்லாக் கேளு. இன்னொரு தடவை போடறேன்."

"வேணாம். கேக்கலக்கா."

"எனக்குக் கேக்குதுடி. உனக்கு ஒண்ணுமே இல்ல, நீ சொன்னது அத்தனையும் நிஜம். உன் வீட்டுக்கு வந்து மாப்பிள்ளைகிட்டயும் அத்தைகிட்டயும் நானே சொல்றேன்."

தங்கை எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ வந்து சொன்னா என்ன நெனப்பாங்க? இந்தக் குடும்பத்துக்கே இப்படித்தான்னு நெனப்பாங்க. ரெண்டு மாசமாத்தான் புள்ளையை என் பக்கத்துல படுக்க விடறாங்க. கேக்கலன்னு சொல்லிப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. டாக்டர்கிட்ட சொன்னேன், என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். இப்ப நீ வந்து கேக்குதுன்னு சொல்லச் சொல்றே."

அக்கா கை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தாள்.

தங்கை வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். நிமிர்ந்தபோது அக்காவைப் பார்க்கவில்லை. இரண்டு கறுப்புப் பெட்டிகளுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"மறுபடி கேட்டா, நான் போயிட்டேன்னு சொல்லிடுக்கா," என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்து அக்கா கடைக்காரருக்குப் போன் போட்டு, கறுப்பு ஜோடி இங்கேயே இருக்கட்டும், மற்ற இரண்டையும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். யோசிச்சுத்தானே சொல்றீங்க என்று அவர் இரண்டு தடவை கேட்டார். யோசித்துத்தான் சொன்னாள். அந்தக் குரலைத் தங்கை ஒரு வருடம் தனியாகக் கேட்டாள். இனி தனியாகக் கேட்பது இவள் முறை.